அசைவூட்டப் படங்களும் வேறுபாட்டின் விலையும்

‘இயல்பு’, ‘வேறுபாடு’ ஆகிய கருத்துகள் குழந்தை உள்ளத்தில் தாமாகத் தோன்றுவனவல்ல, கதைகளினூடாகப் பயிற்றப்படுவன. அப்பயிற்சியின் வரலாற்றுத் தன்மையைச் சில சான்றுகள் கொண்டு நோக்குவோம்.

வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் ‘டம்போ’ 1941 ஒக்டோபரில் வெளிவந்தது. பெருஞ்செவியோடு பிறந்த யானைக்கன்றைப் பிற யானைகள் எள்ளுகின்றன. சிறுவர் அதனைச் சீண்ட, வெகுண்டெழுந்த தாய் மதங்கொண்டதென அடைக்கப்படுகின்றது. கன்று செவிகளாற் பறந்து புகழீட்டிய பின்னரே அதற்கு மதிப்பும் தாய்க்கு விடுதலையும் கிட்டுகின்றன.

இப்படம் உருவான சூழல் கருதத்தக்கது. 1941 மே மாத இறுதியில் அந்நிறுவனத்தின் ஓவியத் தொழிலாளர் தொழிற்சங்க உரிமைக்காக வேலைநிறுத்தத்தில் இறங்கினர். படத்திலே சம்பள உயர்வு கேட்கப் புறப்படும் கோமாளிகள் அவர்களையே நையாண்டி செய்வதாக விமர்சகர் பலர் கொள்வர். கூடாரமடிக்கும் கறுப்பினத் தொழிலாளர்க்கோ முகமே வரையப்படவில்லை. தனியொரு கன்றுக்கு இரங்கும் படம், உழைப்போரின் கூட்டுச் சினத்தை நகைப்புக்கிடமாக்குகின்றது.

இதனை மேனாட்டு முதலாளித்துவத்தின் குறையென மட்டும் ஒதுக்கிவிடல் நமக்குத் தகாது. சிறுவனான இராமன் கூனியின் முதுகில் மண்ணுருண்டை எய்தமை அவளது பகைமைக்கு ஏதுவெனக் கம்பராமாயணம் காட்டும். எய்தது பிள்ளை விளையாட்டாகின்றது. ஏளனத்துக்குள்ளானவளின் சினமோ தீமையாகின்றது. மறுபுறம், வச்சிரத்தால் தாடை ஊறுபட்ட அனுமன், அவ்வூறே பெயராகி, தொண்டினாற் போற்றப்படுகின்றான். 2005இல் வி. ஜி. சமந்த் இயக்கிய ‘ஹனுமான்’ என்னும் இந்திய அசைவூட்டப் படம் அவன் கதையைச் சிறுவர்க்குரியதாக்கியது. ஆஞ்சநேயரின் பெருஞ்சிலை ஓங்கி நிற்கும் மருதனார்மடத்துப் பிள்ளைகளுக்கு அவன் திரையில் மட்டுமன்றிக் கோயில் வீதியிலும் அறிமுகமானவன்.

ஆக, நிலமானியக் காவியமும் முதலாளித்துவத் திரைப்படமும் ஒரே பாடத்தையே புகட்டுகின்றன. வேறுபட்ட உடல் பயன் தந்தால் ஏற்கப்படும், சினந்தால் தண்டிக்கப்படும். முன்னையதில் அப்பயன் ஆண்டானுக்குரிய தொண்டு. பின்னையதில் சந்தைக்குரிய வருவாய்.

2009இல் முடிவுற்ற போர் வட இலங்கையிற் கையிழந்த, காலிழந்த பிள்ளைகள் பலரை விட்டுச்சென்றது. அவர்கள் பறந்து காட்டவோ கடல் தாவவோ வேண்டியதில்லை. 1920களின் இறுதியில் யாழ்ப்பாணப் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குச் சமஆசனம் கோரியோர், அப்பிள்ளைகளாற் பிறர்க்கு என்ன பயன் என்று எடுத்துரைத்து இரந்து நிற்கவில்லை, உரிமையென்றே கோரினர். குழந்தைகளுக்கான கதைகளை மதிப்பிடுமிடத்து நாம் கொள்ளவேண்டிய அளவுகோல் அப்போராட்டத்திலேயே உண்டு.