கேட்போரின் வரலாறு: புத்தளக் கரையோரத்தின் இசைப் பகிர்வு பற்றிய சில சிந்தனைகள்

ஈழத்து இசை வரலாற்றை எழுத முற்பட்டோர் பெரும்பாலும் பாடினோரையும் பாடப்பட்டவற்றையுமே தமது ஆய்வுப் பொருளாகக் கொண்டனர். நாதஸ்வர தவில் வித்துவான்களின் பரம்பரை, கூத்து அண்ணாவிமாரின் வரிசை, வானொலிக் கலைஞரின் பட்டியல் என்பன ஓரளவிற்குத் தொகுக்கப்பட்டுள்ளன. ஆனால், அவ்விசையைக் கேட்டோர் யார், எங்கிருந்து கேட்டனர், கேட்டதனை யாருடன் பகிர்ந்துகொண்டனர் என்ற வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. ‘சபையோர்’, ‘இரசிகர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு முழுச் சமூகமே அடக்கப்பட்டுவிடுகின்றது.

இசை நுகர்வு ஒரு தனிமனிதச் செயல் என்ற கருத்து மிக அண்மைக்காலத்தது. ஒருவர் கேட்டுச் சுவைத்த பாட்டை மற்றவருக்குச் சொல்வதும், கண்ட ஆட்டத்தைக் காணாதவருக்கு விவரிப்பதும் இசை வாழ்க்கையின் பிரிக்கமுடியாத கூறுகளாக விளங்கின. அப்பகிர்வு எத்தகைய சமூக உறவுகளின் மீது எழுந்தது என்பதைப் புத்தளம் மாவட்டக் கரையோரத்தை ஆதாரமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கரையோரத்தைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. பள்ளிவாசல்துறை என்னும் ஊர்ப்பெயரே வழிபாட்டையும் கடற்றொழிலையும் ஒருசேரச் சுட்டுகின்றது. அத்தகைய துறைகளை அடுத்துக் கத்தோலிக்க மீனவக் குடியிருப்புகள், உடப்பு போன்ற இந்துத் தமிழ்க் கிராமங்கள், சிங்களக் கிராமங்கள், ஆபிரிக்க வழித்தோன்றல்களின் சிறு குடியிருப்பு ஆகியவை அமைந்துள்ளன. ஒரு சமூகத்தின் ஓசை மற்றொன்றின் செவியில் விழாது இருத்தல் இங்கு இயலாததாகும்.

1. உழைப்பும் கூட்டுக் கேள்வியும்

பாட்டின் தோற்றத்தைக் கூட்டுழைப்போடு இணைத்து விளக்கியவர் மார்க்சிய அறிஞரான ஜோர்ஜ் தொம்சன். அவரது கருத்து ஈழத்துத் தமிழ் ஆய்வாளரிடையே ஆழ்ந்த செல்வாக்குப் பெற்றது. அதற்கு உயிருள்ள சான்றாக அமைவது உடப்பு மீனவரின் அம்பாப் பாடல். கரைவலையை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் அதனை வாங்கிப் பாடுவர். பாடலின் தாளம் கைகளின் இழுப்பை ஒழுங்கு செய்கின்றது. இங்கு பாடுவோர் வேறு, கேட்போர் வேறு என்ற பிரிவினை இல்லை. அடியைச் சரிவரக் கேளாதவன் வலையையும் சரிவர இழுக்கமாட்டான்.

ஆயினும் ஓய்வு நேரத்தோடும் விழாவோடும் இப்பிரிவினை உருவாகின்றது. உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் விழாவும் தீமிதிப்பும் பாரதக் கதையை ஊர்முழுவதற்கும் உரிய அனுபவமாக்குகின்றன. கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவோ மொழி வேறுபாடின்றிப் பல்லாயிரம் யாத்திரிகரை ஒன்றுகூட்டுகின்றது. முஸ்லிம் ஊர்களில் கந்தூரியும் பைத்தும் களிகம்பும் அதே பணியை ஆற்றின.

இத்தகைய நிகழ்வுகள் ஆண்டுக்கு ஒருமுறை வருவன. ஒரு கூத்தின் ஆயுள் ஓர் இரவு. அதன் நினைவின் ஆயுள் அடுத்த ஆட்டம் வரையிலானது. இடைப்பட்ட காலத்தில் அவ்வாட்டத்தை வாழவைத்தது கேட்டோரின் பேச்சே. எவரது குரல் விடியும்வரை தளராதிருந்தது, எந்த வரவுப் பாட்டு சிறந்தது என்றெல்லாம் வாடிகளிலும் தேநீர்க் கடைகளிலும் நிகழும் உரையாடல் எழுத்தில் வராத திறனாய்வாகும். அடுத்த ஆட்டத்திற்கு எந்த அண்ணாவியாரை அழைப்பது என்ற முடிவும் இப்பேச்சிலிருந்தே பிறக்கக்கூடியது. ஆகவே, கேட்போரின் தீர்ப்பு கலையின் உற்பத்தியிலும் பங்கு கொண்டது எனலாம்.

2. கடல்வழி வந்த தாளம்

போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தனர். அவர்களும் பின்வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆபிரிக்கரை அடிமைகளாகவும் போர்வீரராகவும் இத்தீவிற்குக் கொண்டுவந்தனர். ஆங்கிலேயரின் படைப்பிரிவுகளிற் பணியாற்றிய ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் புத்தளத்திற்கு அண்மையிலுள்ள சிறாம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். அவர்களது இசை ‘மஞ்சா’ எனப்படும். தேங்காய்ச் சிரட்டை, போத்தல், கரண்டி முதலான அன்றாடப் பொருள்களே அதன் தாளக் கருவிகள். பாடல்கள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் அமைந்தவை. அன்றாட வாழ்வில் அம்மக்கள் சிங்களத்திற்கு மாறிவிட்டனர்; ஆயினும் பாட்டில் அம்மொழி எஞ்சியுள்ளது. பேச்சிலிருந்து மறைந்த மொழி ஒன்றினைக் கூடிப் பாடுதலும் கேட்டலுமே காத்துவந்துள்ளன என்பது இசை வரலாற்றாசிரியர் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய செய்தியாகும்.

‘காப்ரிஞ்ஞா’ ஆட்டமும் ‘பைலா’வும் இவ்வரலாற்றுச் சூழலில் தோன்றியவை. ஆடுதல் என்னும் பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து பைலா என்ற பெயர் வந்தது. மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியரிடமும் காப்ரிஞ்ஞா மரபு உண்டு. இருபதாம் நூற்றாண்டில் பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் பைலாவைச் சிங்கள மக்களின் பொது இசையாக்கினார். இருவர் எதிரெதிர் நின்று உடனுக்குடன் அடிகட்டிப் பாடும் ‘வாத பைலா’, நமது கிராமிய மரபின் எதிர்ப்பாட்டை நினைவூட்டுவது. அங்கும் வெற்றி தோல்வியை முடிவு செய்வோர் கேட்போரே.

உயர்குடியினரின் இசை மதிப்பீடுகள் பைலாவை நெடுங்காலம் இழிவாகவே கருதின. சாஸ்திரீய இசையே பண்பாடு, ஏனையவை வெறும் கேளிக்கை என்ற நோக்குத் தமிழரிடையேயும் சிங்களவரிடையேயும் ஒருங்கே நிலவியது. அடிமைகளும் சிப்பாய்களும் மீனவரும் வளர்த்த தாளம் வரவேற்பறைக்குள் நுழைவதற்கு இசைத்தட்டும் வானொலியும் தேவைப்பட்டன.

3. வானொலியும் நேயரும்

கொழும்பில் ஒழுங்கான ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இலங்கையில் நிலைகொண்டமையால் ஆற்றல்மிக்க ஒலிபரப்புக் கருவிகள் இங்கு வந்து சேர்ந்தன. போர் முடிந்தபின் அவை இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டன. 1950ஆம் ஆண்டில் வர்த்தக சேவை ஆரம்பிக்கப்பட்டது. போருக்கென வந்த கருவி திரைப்பாடலைப் பரப்பும் கருவியாக மாறியமை வரலாற்றின் முரண்நகை.

இதே காலப்பகுதியில் இந்தியாவில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. 1952ஆம் ஆண்டில் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரைப்பாடலைத் தரங்குறைந்ததெனக் கருதினார். அகில இந்திய வானொலியில் அப்பாடல்களின் இடம் சுருங்கியது. விளைவாகக் கோடிக்கணக்கான இந்திய நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ 1952ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி வட இந்தியாவைத் தன்பால் ஈர்த்தது. 1957ஆம் ஆண்டில் இந்திய அரசு ‘விவித பாரதி’யைத் தொடங்கியமைக்கு இப்போட்டி ஒரு முக்கிய காரணமாகும். மேலிருந்து விதிக்கப்பட்ட சுவையைக் கேட்போர் வானொலிப் பெட்டியின் திருகியைத் திருப்பியே நிராகரித்தனர் எனலாம்.

தமிழ்ச் சேவையும் இதே போக்கில் வளர்ந்தது. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், இராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்கள் பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் அறிமுகமாயின. ‘பொங்கும் பூம்புனல்’, ‘நீங்கள் கேட்டவை’ முதலிய நிகழ்ச்சிகள் அன்றாட வாழ்வின் காலக்கணிப்பாகவே அமைந்தன.

ஜேர்மானிய நாடகாசிரியர் பிறெக்ற் 1932ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தார். வானொலி விநியோகிக்கும் கருவியாக மாத்திரம் இருப்பது குறைபாடு. கேட்பவனும் பேசவல்ல தொடர்புக் கருவியாக அது மாறவேண்டும் என்பது அதன் சாரம். நமது நேயர்கள் அதற்கு அஞ்சலட்டை மூலம் ஒரு வழி கண்டனர். விருப்பப் பாடலைக் கேட்டு எழுதிய அட்டையில் ஒருவரது பெயர் மட்டும் இராது. குடும்பத்தினர், நண்பர், அயலவர் ஆகியோரின் பெயர்களும் வரிசையாக இருக்கும். பாடலுக்கு முன்னர் அப்பெயர்கள் வாசிக்கப்படும்போது, வரைபடத்தில் எளிதிற் காணமுடியாத ஊர்களும் நாடறிந்தனவாயின. பீகாரின், இன்றைய ஜார்க்கண்டின், சுரங்க நகரான ஜும்ரி தலையா அங்கிருந்து வந்த விருப்பக் கடிதங்களாலேயே புகழ்பெற்றதை இங்கு ஒப்புநோக்கலாம்.

வானொலிப் பெட்டி எல்லா வீடுகளிலும் இருக்கவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. பெட்டியில்லாதவர் கடையிலோ வாசகசாலையிலோ அயல் வீட்டிலோ கேட்டனர். வறுமையினால் விளைந்த இக்கூட்டுக் கேள்வியை இலட்சியப்படுத்துதல் தவறு. எனினும், பாடலைத் தொடர்ந்து உரையாடலும் எழுந்தமைக்கு அதுவே அடிப்படை. இரவு ஆட்டங்களுக்குச் செல்லுதல் அரிதாயிருந்த பெண்களுக்கு வானொலி சமையற்கட்டிலிருந்தே உலகைக் கேட்கும் வாய்ப்பையும் தந்தது.

4. துள்ளிசையும் ஒலிநாடாவும்

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஈழத்துத் தமிழ்த் துள்ளிசை, அதாவது பொப்பிசை, தோன்றி வளர்ந்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ ஆகியன இதன் முக்கிய படைப்புகள். இவற்றில் ஈழத்துப் பேச்சுத்தமிழும் பைலாத் தாளமும் ஒன்றிணைந்தன. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் உள்நாட்டுக் கலைமுயற்சிகளுக்கு இடமளித்தன. ‘சுராங்கனி’ சிங்களமும் தமிழும் கலந்து, மீனை மையமாகக் கொண்டு எழுந்த பாட்டு. பின்னர் 1977ஆம் ஆண்டில் தமிழகத் திரைப்படமொன்றிலும் இடம்பெற்றது. இந்தியப் பாடலை இலங்கை பரப்பிய நிலை மாறி, இலங்கைக் கரையோரத்தின் தாளம் இந்தியாவிற் கேட்கப்பட்ட அரிய தருணம் அது.

1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கையும் மத்திய கிழக்கிற்கான தொழிலாளர் பெயர்வும் ஒலிநாடாக் கருவியைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தன. வானொலி ஒருமுறை ஒலித்து மறையும். நாடாவோ கைமாறும், பிரதிசெய்யப்படும். எந்தப் பாடலுக்கு அடுத்து எந்தப் பாடல் என்பதைக் கேட்பவனே தீர்மானித்தான். இ. எம். ஹனிபாவின் இஸ்லாமியப் பாடலும் இளையராஜாவின் திரைப்பாடலும் பைலாவும் ஒரே நாடாவில் இடம்பெறுதல் இயல்பாயிற்று. அந்நாடாவைத் தொகுத்தவனின் பெயரை எந்த இசை வரலாறும் கூறவில்லை.

5. ஓசையும் பிரிவும்

மேற்கூறியவற்றைக் கொண்டு இசை எப்போதும் மக்களை இணைக்கும் என முடிவுசெய்வது வரலாற்றுக்குப் புறம்பானது. 1915ஆம் ஆண்டுச் சிங்கள முஸ்லிம் கலவரத்திற்கு உடனடிக் காரணமாயிருந்தது பள்ளிவாசல்களின் முன்னால் ஊர்வல வாத்தியம் இசைக்கும் உரிமை பற்றிய பிணக்கே. கம்பளையில் எழுந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. கலவரம் வடமேல் மாகாணம் உட்பட்ட பல மாகாணங்களுக்குப் பரவியது. அதன் பின்னணியில் வணிகப் போட்டியும் குடியேற்ற ஆட்சியின் நெருக்கடிகளும் இருந்தன. எனினும் அவை வெடித்தெழுந்த களம் ஓசையாகவே இருந்தது.

நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையிலான கரையோரத்தில் தமிழ் பேசிய பல மீனவக் குடும்பங்கள் கடந்த நூற்றாண்டில் சிங்களத்திற்கு மாறின. 1990ஆம் ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டதெனக் கணிக்கப்படும் அம்மக்களுள் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலேயே அடைக்கலம் புகுந்தனர். உடைமைகளை விட்டு வந்தவர் இசைத்தட்டையும் நாடாவையும் எடுத்துவரும் நிலையில் இருந்திருக்கமாட்டார். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அயலவரோடு அமர்ந்து கேட்ட பாடலின் நினைவு மட்டுமே அவர்களுடன் வந்திருக்கும்.

மறுபுறம், இப்பிரிவுகளைக் கடந்து நின்ற கலைஞரும் உளர். தமிழ்நாட்டுச் சேலத்திற் பிறந்த முஸ்லிமான மொஹிதீன் பேக் பாடிய சிங்களப் பௌத்தப் பாடல்கள் வெசாக் காலத்தில் நாடெங்கும் ஒலிக்கின்றன. கொழும்புச் செட்டிச் சமூகத்திற் பிறந்து சிங்கள இசையுலகின் தலைசிறந்த குரலாக விளங்கிய ருக்மணி தேவி, 1978ஆம் ஆண்டு அக்டோபரில் மாத்தறையில் ஓர் இசை நிகழ்ச்சியில் பாடிவிட்டுத் திரும்பும் வழியில் விபத்தில் உயிரிழந்தார். இவர்களைத் தமதாக்கிக்கொண்டவர் கேட்போரே. பிறப்பு வினவப்படாமலே குரல் ஏற்கப்பட்டது. ஆனால், குரலை ஏற்ற அதே சமூகம் அக்குரலுக்குரியோரின் சமூகத்தவருக்குச் சம உரிமை வழங்கியதா என்ற வினா எஞ்சியே நிற்கின்றது. இசையில் நிகழும் ஏற்பு அரசியலில் நிகழும் ஏற்பாகத் தானே மாறிவிடுவதில்லை.

முடிவுரை

கேட்போர் கலையின் வெறும் நுகர்வோராக இருக்கவில்லை என்பதும், அதனைத் தெரிந்தும் தொகுத்தும் காத்தும் பரப்பியும் வந்த வரலாற்றுச் சக்தியாக விளங்கினர் என்பதும் மேற்காட்டியவற்றாற் புலனாகும். இன்று எவரும் எப்பாடலையும் எந்நேரத்திலும் கைப்பேசியிற் கேட்கலாம். அரிதாயிருந்தமையால் பகிரப்பட்டது, எளிதாயினமையால் தனித்துக் கேட்கப்படுகின்றது. இம்மாற்றத்தைக் குறித்து ஏங்குவதால் பயனில்லை. பழைய பகிர்வின் சான்றுகளைத் தேடுவதே பயனுடையது.

ஆய்வுக்குரிய பணிகள் சிலவற்றைச் சுட்டலாம். நேயர்களின் அஞ்சலட்டைகள் எஞ்சியிருப்பின் தொகுக்கப்படவேண்டும். கையால் எழுதிய பாடற்பட்டியல் ஒட்டப்பட்ட ஒலிநாடாக்கள், கூத்து, கந்தூரி, திருவிழாக்களின் அழைப்பிதழ்கள் ஆகியன ஆவணங்களாக மதிக்கப்படவேண்டும். பள்ளிவாசல்துறை, உடப்பு, சிறாம்பியடி போன்ற ஊர்களில் முதியோரிடம், அவர்கள் பாடியதை மட்டுமன்றிக் கேட்டதையும், யாருடன் கேட்டனர் என்பதையும் வினவிப் பதிவுசெய்யவேண்டும். நாடாவின் காந்தப்பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கின்றது. அதனைக் கேட்டோரும் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கின்றனர். இப்பணி மேலும் ஒரு தலைமுறை காத்திருக்க இயலாதது.