லினக்ஸில் சாதன அனுமதி: திரும்பப் பெறும் பொறுப்பு கைமாறிய வரலாறு

லாகின் மேனேஜர் திடீரென்று செயலிழந்த பிறகு, அதே கணினியில் அடுத்து உள்நுழைபவருக்கு ஒலி வராமல் போவதும் நெகிழ்வட்டு திறக்காமல் போவதும் பழைய லினக்ஸ் மேசைக்கணினிகளில் நேரக்கூடியவை. லாகின் மேனேஜரின் பழுது என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் எந்த நிரலும் ஒருநாள் விழும். கொடுத்த உரிமையைத் திரும்பப் பெறும் வேலையை, விழக்கூடிய அந்த நிரலிடமே விட்டுவைத்த வடிவமைப்புதான் மூலக் காரணம். பின்னர் வந்த ஒவ்வொரு மாற்றமும் அந்த வேலையை வேறொருவர் கைக்கு மாற்றும் முயற்சியே.

யூனிக்ஸ் மரபில் சாதனமும் ஒரு கோப்புதான்; அதற்கும் உரிமையாளர், குழு, பிறர் என்ற மூன்று நிலைதான். மேசைக்கணினியிலோ கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும், உட்கார்ந்திருக்கும்வரை மட்டும் ஒலி அட்டை வேண்டும். ரெட் ஹேட் லினக்ஸ் இதற்குப் பேம்-கன்சோல் என்ற கூறைக் கொண்டுவந்தது. முதலில் உள்நுழைபவர் பெயர் ஒரு பூட்டுக் கோப்பில் எழுதப்படும். ஒலிச் சாதனக் கோப்புகளின் உரிமை அவருக்கு மாறி, அனுமதி 0600 ஆகும். அவர் எத்தனை முனையங்களில் நுழைந்திருக்கிறார் என்ற எண்ணிக்கை இன்னொரு கோப்பில் இருக்கும். ஒவ்வொரு வெளியேற்றத்திலும் அது ஒன்று குறையும். பூஜ்யமானால் எல்லாம் ரூட் வசம் திரும்பும். அமர்வை முடிக்கும் அழைப்பை விடுக்காமலே லாகின் மேனேஜர் செத்தால் எண்ணிக்கை 1 என்றே நிற்கும். போனவர் இன்னும் இருப்பதாகவே கோப்பு சொல்லும். வந்தவருக்கு ஒன்றும் கிடைக்காது.

இத்தனை சிக்கல் எதற்கு, ஆடியோ, வீடியோ என்று குழுக்கள் வைத்துப் பயனர்களை அவற்றில் சேர்த்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, மாறாத அனுமதியை எந்தச் செயலிழப்பும் குலைக்காது. ஆனால் அந்தக் குழுவில் இருப்பவர் தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்தும், கணினி முன் இருப்பவரின் மைக்கைக் கேட்க முடியும். குழுவிலிருந்து நீக்கினாலும், அந்தக் குழுவின் உரிமையோடு இயங்கும் செட்ஜிஐடி நிரல் ஒன்றை முன்பே உருவாக்கி வைத்திருந்தால் அந்த உரிமை அவரிடமே தங்கும். தவறான அனுமதி எப்போதாவது நேர்வதற்குப் பதில் நிரந்தர ஏற்பாடாகிவிடுகிறது.

2007இல் ஃபெடோரா 7 உடன் வந்த கன்சோல்கிட்டும், 2011இல் சிஸ்டம்டியின் பகுதியாக வந்த லாகின்டியும் போக்கை மாற்றின. கோப்பின் உரிமையாளர் ரூட்டாகவே இருக்க, இயங்கும் அமர்வின் பயனருக்கு மட்டும் ஏசிஎல் என்ற அணுகல் பட்டியலில் ஒரு வரி சேரும். எல்எஸ் கட்டளையில் அனுமதி எழுத்துகளின் இறுதியில் தெரியும் கூட்டல் குறி அதன் அடையாளம். இதைவிட முக்கியமானது அமர்வின் முடிவு தெரியவரும் விதம். அமர்வைத் திறக்கும் புராசஸிடம் லாகின்டி ஒரு பைப்பின் முனையைத் தந்தது. அந்த புராசஸ் எப்படிச் செத்தாலும், கில் கட்டளையின் 9ஆம் சிக்னலில் செத்தாலும், கெர்னலே முனையை மூடும். மறுமுனையில் லாகின்டிக்கு அது தெரிந்துவிடும். விடைபெறும் கடமை செத்தவரிடம் இல்லை.

லாகின்டியே விழுந்தால்? அமர்வு விவரங்கள் ரன் அடைவில் எழுதப்பட்டிருப்பதால், மறுபடி எழும்போது அவற்றைப் படித்துத் தொடர்கிறது. இந்த ஆட்சேபத்தைவிட வலுவான ஒன்று உண்டு. அனுமதி சரிபார்க்கப்படுவது கோப்பைத் திறக்கும் கணத்தில் மட்டுமே. கதவை எத்தனை பூட்டினாலும் முன்பே உள்ளே வந்தவர் உள்ளேதான் இருப்பார்: வெளியேறிய பயனரின் புராசஸ் ஒன்று மைக்கைத் திறந்தபடி தொடர்ந்தால், ஏசிஎல் வரி போனாலும் அது ஒலிப்பதிவைத் தொடரும். பிஎஸ்டியில் திறந்த கோப்பையே செல்லாததாக்கும் ரிவோக் அழைப்பு வெகு நாளாக உண்டு. லினக்ஸில் விசைப்பலகை, மவுஸ் போன்ற உள்ளீட்டுச் சாதனங்களுக்கு மட்டும் 2013இல் கெர்னல் 3.12 அதைத் தந்தது. ஒலிக்குப் பல்ஸ்ஆடியோ என்ற ஒலிச் சேவை தானே அனுமதி மாற்றத்தைக் கவனித்து சாதனத்தை மூடுகிறது. அதாவது, நிரல் தானே உரிமையைக் கைவிடும் என்ற பேம்-கன்சோல் காலத்து நம்பிக்கை இங்கே வேறு இடத்தில் உயிரோடிருக்கிறது. இன்னொரு வழியும் உண்டு: அமர்வு முடிந்ததும் எஞ்சிய புராசஸ்களைக் கொல்வதை சிஸ்டம்டி 230ஆம் பதிப்பு 2016இல் இயல்புநிலை ஆக்கியது. வெளியேறிய பின்னும் ஓடவேண்டிய ஸ்கிரீன், டிமக்ஸ் அமர்வுகள் அதில் அழிவதால் எதிர்ப்பு எழுந்தது. டெபியன் அந்த இயல்புநிலையை ஏற்கவில்லை.