வரிசை யாருக்குச் சொந்தம்? அமெரிக்க விமான நிலையங்களில் கட்டண விரைவுவழி

அமெரிக்க விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் பயணி இரண்டு ஆட்சி எல்லைகளைக் கடக்கிறார். கயிறு கட்டி வளைத்து வளைத்து விட்டிருக்கும் வரிசை, விமான நிலையமும் விமான நிறுவனங்களும் ஏற்பாடு செய்யும் இடம். அடையாள அட்டையைச் சரிபார்க்கும் மேசையில் தொடங்குவது கூட்டரசின் ஆட்சி. பணம் கட்டி முந்திச் செல்லும் ஏற்பாட்டின் கடந்த இருபதாண்டு வரலாறு இந்தக் கோட்டைச் சுற்றியே நடந்திருக்கிறது. கோட்டுக்கு இப்பால் விற்க முடிந்தது நேரம். அப்பால் விற்க முயன்றது நம்பிக்கை. இரண்டையும் ஒரே சரக்காகக் கட்டி விற்கப் பார்த்தவர்கள் தோற்றார்கள். பிரித்து விற்றபோதுதான் வியாபாரம் நிலைத்தது.

சோதனை முதலில் எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது. 1960களின் இறுதியில் விமானக் கடத்தல் பெருகியபோதும், பயணிகள் ஓடிப்போய்விடுவார்கள் என்று அஞ்சி விமான நிறுவனங்கள் கட்டாயச் சோதனையை எதிர்த்தே வந்தன. 1972 நவம்பரில் சதர்ன் ஏர்வேஸ் விமானத்தைக் கடத்திய மூவர், அதை ஓக் ரிட்ஜ் அணு ஆய்வு வளாகத்தின்மீது மோதப்போவதாக மிரட்டினார்கள். எதிர்ப்பு அதோடு அடங்கியது. 1973 ஜனவரி 5 முதல் ஒவ்வொரு பயணியும் சோதிக்கப்பட்டார். பொறுப்பு விமான நிறுவனங்களுடையது. அவை அதைக் குறைந்த செலவில் முடிக்கத் தனியார் காவல் நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் விட்டன. வரிசை குறுகியதாக இருந்தவரை அதில் விற்பதற்கு எதுவும் இல்லை.

2001 செப்டம்பர் 11 இதை மாற்றியது. அவ்வாண்டு நவம்பர் 19 அன்று கையெழுத்தான சட்டம், போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற புதிய அமைப்பை (இனி டி.எஸ்.ஏ.) உருவாக்கிச் சோதனையை அரசின் கைக்குக் கொண்டுவந்தது. செலவுக்காக ஒவ்வொரு பயணச்சீட்டிலும் பாதுகாப்புக் கட்டணம் ஏறியது: ஒரு விமானத்துக்கு 2.50 டாலர், ஒருவழிப் பயணத்துக்கு அதிகபட்சம் 5 டாலர். முதல் வகுப்பில் போகிறவருக்கும் கடைசி இருக்கைக்காரருக்கும் அதே தொகைதான். ஆனால் அதே சட்டத்தில், அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு பிரிவு இருந்தது. நம்பகமான பயணிகளை அடையாளம் கண்டு அவர்களை விரைவாக அனுப்பும் திட்டங்களை நிர்வாகம் தொடங்கலாம் என்றது அது. பின்னால் வந்த வியாபாரம் முழுவதும் இந்தப் பிரிவில் முளைத்ததுதான்.

2004 கோடையில் மினியாபொலிஸில் தொடங்கி, லாஸ் ஏஞ்சலஸ், ஹூஸ்டன், பாஸ்டன், வாஷிங்டன் எனப் ‘பதிவுபெற்ற பயணி’ என்ற வெள்ளோட்டம் நடந்தது. அடிக்கடி பறப்பவர்கள் விரல்ரேகையும் கருவிழிப் படமும் கொடுத்தார்கள். அரசு அவர்களின் பின்னணியைச் சரிபார்த்தது. யாரும் காசு கட்டவில்லை.

காசு வந்த இடம் ஆர்லாண்டோ. 2005 ஜூலையில் அங்கே ‘கிளியர்’ என்ற பெயரில் தனிவழி திறந்தது. நடத்தியவர் ஸ்டீவன் பிரில். பத்திரிகையாளர், ‘கோர்ட் டிவி’ தொலைக்காட்சியைத் தொடங்கியவர், செப்டம்பர் 11க்குப் பிந்தைய அமெரிக்காவைப் பற்றி விரிவாக எழுதியவர். ஆண்டுச் சந்தா 79.95 டாலர்; பிறகு ஏறிக்கொண்டே போனது. அவர் உறுப்பினர்களுக்குக் காட்டிய கனவு வெறும் குறுகிய வரிசை அன்று. பின்னணி சரிபார்க்கப்பட்டவர் ஷூவைக் கழற்ற வேண்டாம், கோட்டைக் கழற்ற வேண்டாம், லேப்டாப்பை வெளியே எடுக்க வேண்டாம் என்பதே உண்மையான கவர்ச்சி. அதற்காகவே ஷூவுக்குள் வெடிமருந்து இருக்கிறதா என்று பார்க்கும் கருவியை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் தயாரித்துத் தந்தது.

அந்தக் கருவி தன் தரத்துக்கு வரவில்லை என்றது டி.எஸ்.ஏ. கருவியைவிட அடிப்படைக் கொள்கைதான் அதன் உண்மையான தடை. குற்றப் பதிவு இல்லாதவர் ஆபத்தில்லாதவர் ஆகிவிடுவாரா? பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர் அப்போதே திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து இது: கடுமையான வழி ஒன்று, எளிய வழி ஒன்று என இரண்டு வைத்தால், தாக்க நினைப்பவர் எளிய வழிக்கான அட்டையை வாங்க ஆள் அனுப்புவார், அட்டை மறுக்கப்பட்டால் யார் சந்தேகத்தில் இருக்கிறார் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். நிர்வாகம் இந்தத் தருக்கத்தின் பக்கமே சாய்ந்தது. 2008 ஜூலையில் உறுப்பினர்களின் பின்னணியைச் சரிபார்ப்பதையே நிறுத்தி, அதற்கு வாங்கிய 28 டாலரையும் கைவிட்டது. இந்த முடிவின் கூர்மையை அன்றைய செய்திகள் போதிய அளவு கவனித்ததாகத் தோன்றவில்லை. ‘நம்பகமான பயணி’ என்ற சொல்லிலிருந்த நம்பிக்கையை அரசு உருவி எடுத்துவிட்டது. மிஞ்சியது வரிசையில் ஓர் இடம்.

அந்த இடத்துக்கு ஆண்டுக்கு நூறு, இருநூறு டாலர் கொடுக்க எத்தனை பேர் இருப்பார்கள்? ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். கிளியரின் கடனை அடைக்க அது போதவில்லை. 2008 கோடையில் சான் பிரான்சிஸ்கோ விமான நிலைய அலுவலகத்திலிருந்து சுமார் 33,000 விண்ணப்பதாரர்களின் விவரம் இருந்த லேப்டாப் காணாமல் போய்ப் பிறகு அங்கேயே கிடைத்தது. தகவல்கள் மறையாக்கம்கூடச் செய்யப்படவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் 22 இரவு, முதன்மைக் கடன் கொடுத்தவருடன் உடன்பாடு எட்டவில்லை என்று அறிவித்துக் கிளியர் எல்லா வழிகளையும் ஒரே நேரத்தில் மூடியது. சந்தா திரும்பக் கிடைக்காது என்றும் சொன்னது. பணத்தைவிட, விரல்ரேகையும் கருவிழிப் படமும் இனி யார் கைக்குப் போகும் என்ற கவலையே பெரிதாக எழுந்தது. நாடாளுமன்றக் குழு அவ்வாண்டே இதை விசாரித்தது.

இரண்டாண்டு கழித்து, தனியாருக்குக் கொடுக்க மறுத்ததை அரசே விற்பனைக்கு வைத்தது. 2011 அக்டோபரில் அட்லாண்டா, டெட்ராய்ட், டல்லாஸ், மயாமி ஆகிய நான்கு இடங்களில் ‘பிரீசெக்’ தொடங்கியது. ஷூ காலிலேயே இருக்கலாம், பெல்ட்டைக் கழற்ற வேண்டாம், லேப்டாப் பையிலேயே இருக்கலாம். பிரில் கேட்டதெல்லாம் இதில் கிடைத்தது. அப்போது டி.எஸ்.ஏ. தலைவராக இருந்த ஜான் பிஸ்டல், எல்லோரையும் ஒரே அளவுகோலில் சோதிப்பதைவிட ஆபத்தின் அளவுக்கேற்பச் சோதிப்பதே அறிவு என்று வாதிட்டார். 2013 டிசம்பரிலிருந்து யாரும் நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்றானது. ஐந்தாண்டுக்கு 85 டாலர். சில ஆண்டுகளுக்கு முன் பாதுகாப்புக்கு ஊறு என்று கருதிய ஒன்று, கட்டணம் அரசுக்கு வந்ததும் பாதுகாப்புக்குத் துணை ஆகிவிட்டது என்று கேலி செய்வது எளிது. ஆனால் ஒரு வேறுபாட்டை ஒப்புக்கொள்ள வேண்டும்: இங்கே பின்னணிச் சரிபார்ப்பும் சோதனையும் ஒரே அமைப்பின் பொறுப்பில் இருந்தன. உறுப்பினருக்கும் சில வேளை வழக்கமான சோதனை நடக்கலாம் என்ற நிச்சயமின்மையும் திட்டத்திலேயே வைக்கப்பட்டது.

சறுக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. விரைவுவழி காலியாகக் கிடக்கக் கூடாது என்பதற்காக, விண்ணப்பிக்காத பயணிகளையும் அதில் திருப்பிவிட்டார்கள். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் 2015இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு நிகழ்வு வருகிறது: கொலைக்குற்றத்தில் தண்டனை பெற்ற, தீவிரவாதக் குழுவொன்றின் முன்னாள் உறுப்பினர் ஒருவர் விரைவுவழிக்கான அடையாளமிட்ட போர்டிங் பாஸுடன் வந்தார். செய்திகளில் பார்த்த முகம் என்பதால் ஓர் அலுவலர் அடையாளம் கண்டு மேலதிகாரியிடம் சொன்னார். பாஸில் அப்படி இருக்கிறது, விடுங்கள் என்பதே பதில். ஷ்னையரின் எச்சரிக்கையில் அட்டை வாங்கத் தந்திரம் தேவைப்பட்டது. இங்கே விண்ணப்பம்கூடத் தேவைப்படவில்லை. விண்ணப்பிக்காதவரைத் திருப்பிவிடும் பழக்கம் அதன் பிறகு படிப்படியாகக் கைவிடப்பட்டது. உறுப்பினர் எண்ணிக்கை மட்டும் ஏறியது. 2024இல் இரண்டு கோடியைத் தாண்டியது.

கிளியர் இதற்குள் மறுபிறப்பு எடுத்திருந்தது. கேரின் சைட்மன்-பெக்கரும் கென் கார்னிக்கும் 2010இல் அதை வாங்கி, ஆர்லாண்டோவிலேயே மீண்டும் திறந்தார்கள். இம்முறை எளிய சோதனை என்ற பேச்சே இல்லை. விற்றது ஒன்றுதான்: விரலோ கண்ணோ காட்டி அடையாளத்தை உறுதிசெய்து, நிறுவன ஊழியர் உறுப்பினரை வரிசையின் முன்முனைக்கே கூட்டிப்போவார். விமான நிலையங்களுக்கு வருவாயில் பங்கு கிடைத்தது. 2016இல் டெல்டாவும் 2019இல் யுனைடெட்டும் முதலீட்டாளர்களாகச் சேர்ந்தன. 2021இல் நிறுவனம் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. விமான நிலையமும் விமான நிறுவனமும் பங்காளிகளான பின் வரிசையில் இடம் ஒதுக்குவது கடினமாக இல்லை.

எதிர்ப்பு கிளம்பியதும் அதே இடத்தில்தான். பிரீசெக் உறுப்பினரின் தனிவழி மற்றவர்களின் வரிசையில் குறுக்கிடுவதில்லை. கிளியர் உறுப்பினரோ வரிசையின் தலையில் நுழைகிறார். கலிஃபோர்னியா மாநில மேலவை உறுப்பினர் ஜாஷ் நியூமன் 2024இல் கொண்டுவந்த மசோதா, கிளியருக்குத் தனிச் சோதனைத் தடம் இருந்தாலொழிய அதை அனுமதிக்கக் கூடாது என்றது. விமானப் பணிப்பெண்களின் சங்கம் ஆதரித்தது. பெரிய விமான நிறுவனங்கள் எதிர்த்தன. அது சட்டமாகவில்லை. அதற்கு ஈராண்டுக்கு முன், 2022இல், வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் வேறொருவரின் அடையாளத்தில் கிளியர் வழியாக வந்த ஒரு பயணியின் பையில் தோட்டாக்கள் சிக்கியிருந்தன. உறுப்பினர்களின் அடையாள அட்டையைத் தானே மறுபடி பார்க்க வேண்டும் என்று டி.எஸ்.ஏ. வலியுறுத்தியது. அடையாள மேசை யாருடையது என்ற சச்சரவு அப்போது வெளிப்படையாக வந்தது.

2025 ஜூலையில் எல்லாப் பயணிகளும் ஷூவைக் கழற்றாமலே போகலாம் என்று அரசு அறிவித்தது. பிரீசெக் விற்றுவந்த சலுகைகளில் ஒன்று இலவசமானது. அடுத்த மாதம் அட்லாண்டா, வாஷிங்டன் ரீகன், சியாட்டில் நிலையங்களில் கிளியர் தானியங்கிக் கதவுகளைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கியது. கேமரா முகத்தைப் பார்த்து அடையாள அட்டையோடும் போர்டிங் பாஸோடும் ஒப்பிடுகிறது. பொருந்தினால் கதவு திறக்கிறது. கதவின் கட்டுப்பாடு டி.எஸ்.ஏ. கையில், செலவு நிறுவனத்தின் கணக்கில். அந்தக் கதவைக் கடக்கும் உறுப்பினர், அரசு அலுவலர் உட்கார்ந்திருக்கும் அடையாள மேசைக்குப் போகாமல் நேராகப் பைகளைச் சோதிக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்கிறார்.