ஈயம் விளைந்த ஊரில் சில்லுத் தொழில்

பால்மரக் காலத்தில் நம் நாட்டு ரப்பர் ஷீட்டுகளாகக் கப்பலேறி, டயராகத் திரும்பி வந்தது. மூலப்பொருள் இங்கே, ஆலை அங்கே என்பது அக்கால நியதி. 1970-களில் ஆலையின் ஒரு பகுதியே கடல் கடந்து இங்கு வந்தது.

அமெரிக்க மின்னணுக் கம்பெனிகள் சில்லுகளைத் தாய்நாட்டிலேயே தகடுகளில் உருவாக்கின. தகட்டை வெட்டி, மயிரிழையினும் மெல்லிய தங்கக் கம்பியைப் பொருத்தி, உறையிடும் வேலையோ உருப்பெருக்கியில் குனிந்து கையால் செய்ய வேண்டியதாயிருந்தது. சரக்கின் எடை சொற்பம், விலை மிகுதி. ஆகையால் விமானக் கூலி பாரமாகவில்லை. 1960-களின் தொடக்கத்தில் ஃபேர்சைல்டு இவ்வேலையை ஹாங்காங்குக்கு அனுப்பிற்று. நம் நாட்டில் 1971-இல் சுதந்திர வாணிப வட்டாரச் சட்டம் வந்தது. 1972-இல் இன்டெல் பினாங்கின் பாயான் லெப்பாசில் கால் ஊன்றியது. அதே ஆண்டில் ஈப்போவில் தோன்றிய ஆலையே இன்றைய கார்செம்.

இதனால் தாய்க் கம்பெனியின் உற்பத்தித் திறன் உயர்ந்ததா? கரும்பலகைக் கணக்கொன்று போடலாம். நூறு பேர் சேர்ந்து 1,000 வெள்ளி மதிப்பை ஆக்குகின்றனர் என்போம்; தலைக்குப் பத்து. அவர்களுள் கம்பி பொருத்தும் நாற்பது பேரின் பங்கு 100 வெள்ளியே. அந்த வேலை வெளிநாடு சென்றால், எஞ்சிய அறுபது பேர் தலைக்குப் பதினைந்து ஆக்குவதாகக் கணக்கு காட்டும். ஒருவரும் முன்னைவிட விரைந்து உழைக்கவில்லை! மிச்சமான பணத்தையும் கவனத்தையும் புதிய சில்லு வடிவமைப்பில் செலுத்திய கம்பெனிக்கே மெய்யான உயர்வு கிட்டிற்று.

வேலையை ஏற்ற ஊரின் நிலை என்ன? மலிவுக் கூலியை நாடி வந்த ஆலை, மலிவுக் கூலியை நாடியே வேறிடம் போகவும் கூடும். அதைப் பெரிதும் தடுத்து நிறுத்தியது இயந்திரமே. கையால் பொருத்திய கம்பியை 1980-களில் தானியங்கிகள் பொருத்தலாயின. விரல் நுணுக்கத்தைக் கேட்ட ஆலை, கணிதமும் ஆங்கிலமும் கற்ற தொழில்நுட்பரைக் கேட்டது. 1985 அக்டோபரில் ஈயச் சந்தை சரிந்து கிந்தா ஈயவயல்கள் மூடப்பட்டு வந்த காலமும் அதுவே. பால்மரம் செம்பனைக்கு இடம்விட்ட சுங்காய் வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகளில், கல்வி முடித்தோருக்கு அக்கதவு திறந்தது. ஆறாம் வகுப்போடு நின்றோர் வாசலிலேயே நின்றனர்.

கார்செம் 1984-இல் ஹோங் லியோங் குழுமத்தின் கைக்கு வந்தது. பல நாட்டுக் கம்பெனிகளின் சில்லுகளுக்கு உறையிட்டுச் சோதித்துத் தருவதே அதன் தொழில். தகடுகள் இன்றும் பெரும்பாலும் வெளியிலிருந்தே ஈப்போவுக்கு வருகின்றன.