முடிச்சை அவிழ்க்க முடியாத வலை

1901ஆம் ஆண்டில் ஃப்ரிட்ஸ் உல்மான் செம்புத் தூளைக் கொண்டு நிகழ்த்திய ஒரு வினை, ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்துத் தன் இரண்டாவது வாழ்க்கையைத் தொடங்கியது. ஹாலஜன் ஏந்திய பென்சீன் வளையங்களைச் செம்போடு சேர்த்துச் சூடாக்கினால் ஹாலஜன்கள் கழன்றுவிடும். வளையங்கள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். அப்பிணைப்பை அன்று எவரும் கண்ணால் கண்டதில்லை. விளைபொருளை வைத்து ஊகித்ததுதான்.

காண்பதற்கான கருவியை, ஸ்கேனிங் டனலிங் நுண்ணோக்கியை, 1981இல் சூரிச் அருகே ஐபிஎம் ஆய்வகத்தில் பின்னிக்கும் ரோரரும் உருவாக்கினர். 2000இல் பெர்லினில் அதன் கூர்முனையைக் கொண்டே, கடுங்குளிரில், செம்புப் பரப்பில் கிடந்த இரு அயோடோபென்சீன் மூலக்கூறுகளின் அயோடினைக் கழற்றி, நகர்த்தி, இணைத்துக் காட்டினார்கள். அழகிய வித்தைதான். ஆனால் இப்படி ஒவ்வொன்றாகக் கோத்து ஒரு வலை பின்ன ஆயுள் போதாது.

2007இல் லியோன்ஹார்ட் கிரில்லும் சகாக்களும் அவ்வேலையை வெப்பத்திடம் ஒப்படைத்தார்கள். போர்ஃபிரின் மூலக்கூறில் புரோமின் ஒன்றிருந்தால் ஜோடி, எதிரெதிரே இரண்டிருந்தால் சங்கிலி, நான்கிருந்தால் வலை. வரைபடம் மூலக்கூறிலேயே எழுதப்பட்டிருந்தது. அடியிலிருந்த தங்கம் வெறும் மேடை என்றே தோன்றும்.

அப்படியல்ல என்பதை 2009, 2010ஆம் ஆண்டுகளில் ஸ்விட்சர்லாந்தின் எம்பா ஆய்வகம் காட்டியது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது இக்கட்டம்தான். ஆறு அயோடின் அணுக்கள் கொண்ட ஒரு பெருவளையத்தை வெள்ளியின் மீது படியவைத்துச் சூடாக்கியபோது, 0.74 நானோமீட்டருக்கு ஒன்றாகச் சீரான துளைகள் அமைந்த கார்பன் தாள் கிடைத்தது. அதே மூலக்கூறு செம்பின் மீது கிளைகிளையாய்ப் பிரிந்து, வலையாகாமலே நின்றுவிட்டது. செம்பில் மூலக்கூறு எளிதில் நகர்வதில்லை. சந்தித்த இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. வெள்ளியிலோ உலாவித் திரிந்து, பொருந்தும் இடம் கண்ட பின்பே பிணைகிறது. கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலான பிணைப்பு அந்தச் சூழலில் மீளாதது. தவறாக விழுந்த முடிச்சை அவிழ்த்துப் போடும் வாய்ப்பே அங்கில்லை.

பார்சிலோனாக் குழு 2018இல் இச்சிக்கலைச் சுற்றிக்கொண்டு சென்றது. முதலில் தங்கத்தின் மீது சங்கிலிகள். மேலும் சூடாக்க, நாடாக்கள். இன்னும் சற்றுச் சூடாக்க, நாடாக்கள் பக்கவாட்டில் இணைந்து, ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் துளைகள் கொண்ட கிராஃபீன். சாதாரண கிராஃபீனுக்கு இல்லாத குறைக்கடத்திப் பண்பு இதற்கு இருந்தது. அத்தாளைத் தங்கத்திலிருந்து பெயர்த்தெடுத்து டிரான்சிஸ்டராக்கியும் பார்த்தார்கள், அது இயங்கியது.