மேற்கோள் எண்ணிக்கையும் தாவரவியலாளர் தரவரிசையும்: கல்வராயன் மலைத் தாவரப் பதிவுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தாவர அறிவியலாளர்களை மேற்கோள் எண்ணிக்கை கொண்டு வரிசைப்படுத்தும் முறை தோன்றி வளர்ந்த வரலாற்றையும், அம்முறைக்குள் தாவர வகைப்பாட்டியல் பெறும் இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு நூல் பயன்படுவதும் அது மேற்கோளாக எண்ணப்படுவதும் வெவ்வேறானவை என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மேற்கோள் சுட்டெண், எச்-சுட்டெண், தாக்கக் காரணி, தாவர வகைப்பாட்டியல், கல்வராயன் மலை.

முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன் மலையடிவாரத்தில் அமைந்த ஊர் வடக்கனந்தல். இவ்வூரை அடுத்த மலைச்சரிவில் ஒரு செடியைச் சேகரிக்கும் ஆய்வாளர், அதன் பெயரை உறுதிசெய்ய இரண்டு நூல்களை நாடுவது வழக்கம். ஒன்று, ஜே.எஸ். காம்பிள் தொடங்கி, 1925இல் அவர் மறைந்தபின் சி.இ.சி. ஃபிஷர் நிறைவுசெய்த சென்னை மாகாணத் தாவரநூல் (1915–1936). மற்றொன்று, திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்தை 1967இல் நிறுவிய கே.எம். மேத்யூ 1983இல் வெளியிட்ட 'ஃபுளோரா ஆஃப் தி தமிழ்நாடு கர்நாட்டிக்'. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றின் தாவரங்களை இரண்டாம் நூல் விரிவாகப் பதிவுசெய்கிறது. இத்தகைய உழைப்புக்கு இன்றைய தரவரிசைகள் எந்த அளவு மதிப்பளிக்கின்றன என்பதே இங்கு எழும் வினா.

மேற்கோள் அளவீட்டின் வளர்ச்சி

யூஜின் கார்ஃபீல்டு 1955இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில் அறிவியல் மேற்கோள் சுட்டி என்னும் கருத்தை முன்வைத்தார். ஒரு கருத்து பின்வந்த கட்டுரைகளில் எவ்வாறு தொடர்ந்தது என்பதைத் தேடிக் கண்டறிவதே அதன் முதல் நோக்கம். 1960களில் சுட்டி நூலாக வெளிவந்தது. அதன் துணைவிளைவாகத் தோன்றிய தாக்கக் காரணி, ஓர் இதழின் முந்தைய ஈராண்டுக் கட்டுரைகள் அவ்வாண்டில் பெற்ற மேற்கோள்களின் சராசரியாகும். இதழை அளக்க எழுந்த இக்கருவி காலப்போக்கில் ஆளை அளக்கவும் பயன்பட்டது.

2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் எச்-சுட்டெண்ணை முன்மொழிந்தார். தலா 20 மேற்கோள்களேனும் பெற்ற 20 கட்டுரைகள் ஒருவருக்கு இருப்பின் அவரது சுட்டெண் 20 ஆகும். 2019இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸ் குழுவினர், ஸ்கோப்பஸ் தரவுகளிலிருந்து ஆறு அளவீடுகளை இணைத்து அறிவியலாளர் பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். தாவரவியல் அதில் தனி உட்துறையாக இடம்பெறுகிறது. 'முதல் இரண்டு விழுக்காட்டினர்' என ஆண்டுதோறும் நாளிதழ்களில் வரும் செய்திகளுக்கு மூலம் இதுவே.

எண்ணப்படாத மேற்கோள்

தாவரவியலுக்கு இவற்றினும் பழைய மேற்கோள் மரபொன்று உண்டு. லின்னேயசின் 1753ஆம் ஆண்டு நூலை அடியாகக் கொண்ட பெயரிடு முறையில், தாவரப் பெயரின் பின்னே பெயரிட்டவரின் சுருக்கப்பெயர் இடம்பெறும். வேம்பின் பெயரான 'அசாடிராக்டா இண்டிகா' என்பதை அடுத்து வரும் 'ஏ.ஜஸ்.' என்னும் குறிப்பு, 1830இல் அதற்குப் பெயரிட்ட அட்ரியான் டி ஜுஸ்ஸியூவைச் சுட்டும். வேம்பைப் பற்றிய ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் இக்குறிப்பு காணப்படினும், அவர்தம் படைப்பு துணைநூற்பட்டியலில் இடம்பெறுவது அரிது. சுட்டிகள் பட்டியலை மட்டுமே எண்ணுகின்றன.

நூல்வடிவம் இரண்டாவது தடை. தரவுத்தளத்தில் ஏறாத நூலுக்குக் கிடைக்கும் மேற்கோள்கள் அதன் ஆசிரியர் கணக்கில் பொதுவாகச் சேர்வதில்லை. கூகுள் ஸ்காலர் நூல்களையும் எண்ணுகிறது எனினும், எச்-சுட்டெண்ணின் கணிதம் மாறுவதில்லை. ஆயிரம் மேற்கோள் பெற்ற ஒரு நூலும் அச்சுட்டெண்ணில் ஒன்று என்றே அமையும். 1945இல் டார்லிங்டனுடன் இணைந்து குரோமோசோம் நிரல்நூலை வெளியிட்ட ஜானகி அம்மாள் போன்றோரின் பங்களிப்பையும் இவ்வளவுகோல் சுருக்கிவிடும்.

கால அளவு மூன்றாவது தடை. நாற்பதாண்டு கடந்தும் களத்தில் பயன்படும் மேத்யூவின் நூலுக்கும் ஈராண்டுக் கணக்குக்கும் பொருத்தமில்லை.

மேற்கோள் முறைக்கு முற்றிலும் வெளியே நிற்போரும் உளர். ராபர்ட் வைட்டின் தாவர ஓவியத் தொகுதிகளுக்கு (1838–1853) வரைந்தோர் ரங்கையாவும் கோவிந்துவும் ஆவர். வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்திற்குக் 'கோவிந்தூயா' எனப் பெயரிட்டு நன்றி பாராட்டினார். அப்பேரினப்பெயர் பின்னர் இணைப்பெயராகிவிட்டது. கல்வராயன் மலையில் செடிகளை அடையாளங்காட்டும் மலையாளிப் பழங்குடியினரும் பெரும்பாலும் 'தகவலாளி' என்னும் பொதுச்சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர்.

பணிவாய்ப்பில் இதன் விளைவு

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில், தாக்கக் காரணி 10ஐ விஞ்சும் இதழில் வெளியாகும் ஒரு கட்டுரையின் மதிப்பை 30 புள்ளிகளால் உயர்த்த இடமுண்டு. தேசிய அளவிலான பதிப்பகம் வெளியிடும் நூலுக்கு 10 புள்ளிகளே. பல்லாண்டுகள் மலையேறித் தொகுத்த தாவரநூலும் இக்கணக்கில் ஒரு நூலே. இந்நிலையில் இளம் ஆய்வாளர் வகைப்பாட்டியலைத் தவிர்த்து, விரைந்து மேற்கோள் பெறும் துறைகளை நாடுவது இயல்பு. வகைப்பாட்டியலாளர் குறைந்தால், மூலக்கூறு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் செடி இன்னதென உறுதிசெய்வோரும் குறைவர்.

முடிவுரை

தரவரிசைகள் பொய்யுரைப்பனவல்ல; அவை இதழ்க்கட்டுரைகளுக்கிடையே நிகழும் உரையாடலை அளக்கின்றன. அவ்வளவீட்டை அறிவியல் பங்களிப்பின் முழு அளவீடாகக் கொள்வதே பிழை. இதழ் அளவீடுகளைக் கொண்டு தனியாளை மதிப்பிடலாகாது என்று 2012இல் எழுந்த சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும் வலியுறுத்துகிறது. தேர்வுக்குழுக்கள் தாவரநூல்களையும் உலர்தாவரகப் பணியையும் தனியே மதிப்பிட வேண்டும். அதற்குமுன் ஆய்வாளர்களே செய்யத்தக்கது ஒன்றுண்டு. செடியை அடையாளங்காண உதவிய நூலைத் துணைநூற்பட்டியலிலும், உதவிய மலைமக்களை அவர்தம் இசைவுடன் பெயர் சுட்டியும் பதிவுசெய்தல் வேண்டும்.