நேட்டாலின் 3 பவுன் வரி

அலசூரை அடுத்த மர்பி டவுன் போன்ற குடியிருப்புகளில் பிழைப்பை நாடி வந்து வேரூன்றிய நமக்கு, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற தமிழரின் வரலாறு அயலார் கதையன்று. ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்குவோர் ஆண்டுதோறும் 3 பவுன் வரி செலுத்த வேண்டுமென 1895-இல் சட்டம் பிறந்தது. பல மாதக் கூலி அது! உழைப்பு வேண்டும், உழைத்தவன் வேண்டா என்பதே அதன் உட்கிடை. 1913 மார்ச்சிலோ, கிறிஸ்தவ முறைப்படி நிகழாத திருமணங்கள் செல்லா என்னும்படி நீதிபதி சேர்ல் தீர்ப்பளித்தார்.

அதன்பின் பெண்டிரும் அறப்போரில் இறங்கினர். டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த மகளிர், பெரும்பாலும் தமிழர், கைக்குழந்தைகளுடன் அனுமதியின்றி எல்லை கடந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களை அடைந்தனர். அவர்கள் சொற்கேட்டுத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். மகளிர்க்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. நவம்பர் 6-இல் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர், சிறைபுகுவதே நோக்கமாக, டிரான்ஸ்வாலை நோக்கி நடந்தனர். காந்தியடிகள் வழியில் கைதானபின்னும் நடை நிற்கவில்லை. நாம் பெரிதும் வியப்பது இதனையே.

சிறையில் காய்ச்சலுற்ற வள்ளியம்மை, விடுதலையான சின்னாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் உயிர் நீத்தாள். அவ்வாண்டே இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை ஒழித்துத் திருமணங்களையும் ஏற்றது. இந்தியர் மாகாணம் விட்டு மாகாணம் செல்வதற்கிருந்த தடையோ மேலும் பல்லாண்டுகள் நீடித்தது.